அப்பாவுக்காக நான் சொன்ன பதில்

12.11.1998, வியாழன்

அப்பாவின் முழங்கால் வீக்கத்தைக் காட்டப் பாளையங்கோட்டைக்குப் போனோம். மகள் பட்டதாரி என்று அப்பா சொன்னதும் டாக்டர் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். வயதாகும்போது ஆறாமல் நீடிக்கும் அழற்சி இதயக் குழாய்களையும் கெடுக்கும் என்றார். சுமை தூக்கினால் இவருக்கு நெஞ்சு அடைக்கிறதா என்று கேட்டார். அவர் முன்னால் அப்பாவிடம் திரும்பித் தமிழில் கேட்கக் கூச்சமாக இருந்தது. நானே "நோ" என்றேன். முழங்காலுக்கு மட்டும் மாத்திரை எழுதினார்.

பஸ்ஸில் அப்பா பக்கத்து ஆளிடம், "எம்மவ இங்கிலீசுல பேசுதா. டாக்டரே அசந்துட்டாரு வே!" என்றார்.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். "மூட்டை தூக்கினா நெஞ்சு அடைக்குமாப்பா?"

"ஒரு வருசமா அடைக்கத்தான் செய்யுது. அதயும் நீ சொல்லியிருப்பல்லா?"

"சொல்லிட்டேன்ப்பா."

காலையில் அவர் அரிசி ஆலைக்குக் கிளம்புவதற்குள் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.