சௌமியாவின் ஐந்தாம் பக்கம்

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கடைத் தகரம் இரண்டு முறை தூக்கி அடித்தது. வந்த மோட்டார் மூன்று, சுற்றி முடித்தது ஒன்று. (கேட்டவர்களிடம் ஐந்து என்றேன்.)

வாங்க: செம்புக் கம்பி, வார்னிஷ், சம்சாரம் சரசுவுக்கு பி.பி. மாத்திரை.

சௌமியா மார்க் லிஸ்ட்தான் அவசரம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மோட்டார் வைண்டிங் சங்க ஆண்டு விழா. உறுப்பினர் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளில் அதிக மார்க்குக்குக் கேடயம். சௌமியா இறந்துபோன தங்கச்சியின் ஒரே மகள், நான் வளர்த்த பிள்ளை. கோயமுத்தூரில் மூன்றாம் வருடம், ஹாஸ்டல். அவள்தான் காலேஜ் பஸ்ட் என்று அன்னூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று முறை போன் செய்தாயிற்று. "அனுப்பறனுங்க மாமா" என்கிறாள். அனுப்பவில்லை.

இந்த நோட்டு இனி வார்னிஷ் டின்னுக்குப் பின்னால். சரசு கையில் கிடைத்தால் என் மானம் போச்சு.

ஜூலை 24, வியாழன்

நானே காலேஜுக்குப் போனேன். வெள்ளை வேட்டி. ஆபீஸ் மேடம் எழுந்து நின்று வரவேற்றார். (எழுந்தது ஜன்னலைச் சாத்த. இருந்தாலும் எழுந்தார்.)

"பதினெட்டு முடிஞ்ச பிள்ளைங்க. அவங்க கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுத்தாத்தான் தருவோமுங்க" என்றார்.

"ஏனுங்க மேடம், அட்மிஷன்ல கார்டியன்னு கையெழுத்துப் போட்டதே நானுங்க. காது குத்தறப்ப மடியில வெச்சிருந்ததும் நானுங்க. தாய்மாமன்!"

"காதுக்கு நீங்க சரிங்க. மார்க்குக்கு அவங்கதான்."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்.

வெளியே வந்தால் கிளார்க் பிரகாசு. அவன் வீட்டு போர்வெல் மோட்டார் என் கையால் சுற்றியது. "பாப்பா பைலை அப்படியே போன்ல போட்டுடறனுங்ணா. மேடத்துக்குத் தெரிய வேண்டாம்" என்றான். பஸ் சரவணம்பட்டி தாண்டுவதற்குள் வந்துவிட்டது. ஏழு பக்கம். முதல் பக்கம் 91, 88, 93. எண் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் இங்கிலீஷ். (படித்தது எட்டாவது. ஊருக்கு பத்தாவது.) ஐந்தாம் பக்கத்தில் வட்டமாக சீல். பாராட்டுக் கடிதமாகத்தான் இருக்கும்.

பஸ்ஸிலிருந்தே ஏழு பக்கத்தையும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நூற்றுச் சொச்சம் பேர். உடனே கைதட்டல் படங்கள். தங்கச்சி இருந்திருந்தால் என்று நினைத்துக் கண் கலங்கியது. இது மிகைப்படுத்தல் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

தூறல். குழுவில் சத்தமே இல்லை.

பதினொரு மணிக்குச் சங்கச் செயலாளர் போன். "அண்ணா, பாப்பாவுக்கு இப்பத் தேவலைங்களா?"

"அவளுக்கு என்னங்க?"

"இல்லீங்... அந்த அஞ்சாம் பக்கம்..." வைத்துவிட்டார்.

அடுத்தது சௌமியா. சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் இவள் வகுப்பாம், அந்தப் பெண் காட்டியிருக்கிறாள்.

"மாமா, யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"உனக்குப் பெருமைதானே கண்ணு..."

"எடுத்துருங்க மாமா. இப்பவே. தயவுசெஞ்சு."

அழுகிறாள். என்ன ஏது என்று கேட்கவில்லை நான். குழுவில் போட்டதை அமுக்கிப் பிடித்தேன், அழிக்க இரண்டு வழி காட்டியது, கீழே இருந்ததைத் தொட்டேன். போய்விட்டது. "உலகத்துலயே இல்லாமப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்றேன். வைத்துவிட்டாள்.

ஜூலை 26, சனி

மாத்திரை வாங்க மெடிக்கல். கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான். பிடுங்கிப் பார்த்தேன். அதே சீல்.

"அழிச்சுப்போட்டனே!"

"நீங்க அழிச்சது உங்க போன்ல மட்டுமுங்க. மத்தவங்ககிட்ட அப்படியே இருக்குதுங்க. இனி உங்களால எடுக்கவும் முடியாது."

அவன் எங்கள் சங்கமே இல்லை. அவன் வரைக்கும் வந்திருக்கிறது. என் போனில் மட்டும் இல்லை.

படித்துச் சொல் என்றேன். "வேண்டாமுங்க" என்றான். விடவில்லை. தணிந்த குரலில் சொன்னான். முதல் பக்கத்து மார்க் முதல் வருடத்ததாம். காலேஜில் பிள்ளைகள் மனம் விட்டுப் பேச ஒரு ஆலோசகர் மேடம் உண்டாம். ஐந்தாம் பக்கம் அவர் எழுதிய குறிப்பு. நினைவில் நின்றது:

போன பருவத்தில் இரண்டு பேப்பர் போயிற்று.
ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை. வியாழன்தோறும் வந்து பேசுகிறாள்.
வீட்டில் சொல்லப் பயம். மாமா ஊரெல்லாம் பஸ்ட் என்று சொல்லி வைத்திருக்கிறார், தெரிந்தால் உடைந்துபோவார் என்று அழுகிறாள்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

சரசுவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்க, நாம இருந்தும் அந்தப் புள்ளை வெளியில போயி அழுதிருக்குதே."

ஜூலை 27, ஞாயிறு

விழாவுக்குப் போகவில்லை. கேடயம் வேறு யாருக்கோ.

ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் தட்டிக் குழுவில் போட்டேன்: 'அந்த பைலை எல்லோரும் அழித்துவிடுங்கள். தப்பு என்னுடையது.' பதினேழு கட்டைவிரல் படம் வந்தது. எத்தனை பேர் அழித்தார்களோ.

ஜூலை 29, செவ்வாய்

ஹாஸ்டல். சரசு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு டப்பாவில் கொடுத்தாள். கேட் அருகே தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று பேசினோம். சௌமியா இளைத்துவிட்டாள். போன மாதமும் இப்படித்தான் இருந்திருப்பாள், நான் பார்க்கவில்லை.

"ரெண்டு பேப்பர்தானே சாமி, எழுதிக்கலாம்" என்றேன்.

"அது எழுதிக்குவனுங்க மாமா. அந்த மேடத்துகிட்ட மட்டுந்தான் அழுவேன். இந்த வியாழக்கிழமை போக மாட்டேன்."

"ஏன் கண்ணு?"

"பேசறது பேப்பர்ல ஏறுது. பேப்பரு ஊருக்குப் போகுது."

இத்தனை வாய் எனக்கு. டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

அவளே சொன்னாள்: "என்னைக் கேக்காம யாருக்கும் எதுவும் தர வேண்டாம்னு ஆபீசுல எழுதிக் குடுத்துட்டனுங்க. கார்டியன்னு இருந்த உங்க பேரையும் எடுக்கச் சொல்லிட்டேன்."

"நல்லதுதான் அம்மணி."

டப்பாவை நீட்டினேன். "பசிக்கலைங்க மாமா. அத்தைகிட்ட சங்கடப்பட வேண்டாம்னு சொல்லுங்க." உள்ளே போய்விட்டாள்.

கச்சாயத்தை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தேன். வீட்டில் சரசு காலி டப்பாவைத் திறந்து பார்த்து, "தின்னாளுங்களா?" என்றாள். நின்றபடியே நாலு தின்றாள் என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

நல்ல வெயில். மோட்டார் கொண்டுவந்த தோட்டத்துக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "ஏனுங்க, உங்க தங்கச்சி புள்ளை காலேஜ்லயே பஸ்ட்டாமா?"

வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"அது அவகிட்டத்தான் கேக்கோணுமுங்க."

"அட, எப்பவும் நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஆமாங்க." கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

முடித்தது ஒன்று. ஒன்றுதான்.

முந்தாநாள் வியாழன். அந்த மேடத்திடம் போனாளா தெரியாது. நேற்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். கேட்கவில்லை.