எனக்கென்று ஒரு கிண்ணம்

என் அருமைத் தோழிக்கு,

நீ வேறு சபைக்குப் போனபிறகு திருவிருந்துக் கிண்ணங்களை நான் ஒருத்திதான் கழுவுகிறேன். ஆலயத்தின் பின்னறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. நீ அதில் சுற்றிய துணியை நான் அவிழ்க்கவில்லை.

அங்கே நாம் சிரித்த சிரிப்புக்குப் போதகர் எத்தனை தரம் கதவைத் தட்டியிருக்கிறார்! சபைக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றிவிட்டு எனக்கு மட்டும் ஊற்ற மாட்டேன். கேட்டால் மறதி என்பேன். உள்ளுக்குள் அதைத் தாழ்மை என்று நினைத்து ஒரே பெருமை. நீதான் குழாய்க்குப் பின்னால் ஒரு கிண்ணத்தை ஒளித்துவைத்து, "ஏண்டி, ஆண்டவர் உன்னை மட்டும் பாத்திரம் கழுவவா கூப்பிட்டாரு?" என்று நீட்டுவாய்.

அங்கே வைத்துத்தான் மார்பில் கட்டி இருப்பதை உன்னிடம் சொன்னேன். உடனே டாக்டரிடம் போகச் சொன்னாய்.

"மாமியாருக்கு யாரு மருந்து குடுக்கறது? உன் வேலையைப் பாரு!" என்று எரிந்து விழுந்தேன். மறுவாரம் நீ வரவில்லை.

போன ஞாயிறு எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும்போல் குடித்தேன். ஆண்டவர் தம் உயிரைக் கொடுத்து மீட்ட உடம்பை நான் இப்படி அலட்சியமாக விட்டேனே என்று அழுகை வந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கிறேன். மாமியாரை அவர் மகன் பார்த்துக்கொள்வார். துணைக்கு யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

கோபம் தீராவிட்டாலும் வா. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வரலாம்.

இப்படிக்கு,
உன் பாத்திரம் கழுவி