இங்க மூச்சு வாங்கிக்கோ

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் வாயாடி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் தூக்கத்தைத் தவிர. ஒரு வாரமாக நடுராத்திரியில் எழுந்து நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் நுழைந்து எனக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

இந்த வருஷம் உங்கள் கல்வி இலாகா கொடுத்த பணத்தில் எங்கள் தலைமையாசிரியை சுவருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு இன்னொரு ஆசிரியை வைத்தார். பிள்ளைகள் அவளைச் சின்ன டீச்சர் என்கிறார்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். அதற்கு முன் நான் முன்வரிசைக்கு மட்டும்தான் டீச்சர். பின்னால் இருந்ததெல்லாம் வெறும் தலைகள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்தக் குரல் யாருடையது என்று சொல்வேன். குட்டை ஜடை என்று ஒருத்தி, புத்தகத்தைத் திறந்தாலே வயிறு வலிக்கிறது என்பாள். இப்போது சின்ன டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போகிறாள்.

அடுத்த வாரம் வாசிப்புச் சோதனை. பிள்ளைகள் தேறவில்லை என்றால் பணம் நின்றுவிடும், சின்ன டீச்சரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் பயத்தை அடக்கத் தெரியாமல் நேற்று இரண்டு வகுப்பையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: "ஒழுங்கா படிக்கலைன்னா சின்ன டீச்சரை அனுப்பிடுவாங்க." அதிலிருந்து எல்லாரும் யாரோ துரத்துகிற மாதிரி படிக்கிறார்கள். வாக்கியம் முடிகிற இடத்தில் நிறுத்துவதே இல்லை. வருஷாவருஷம் நான் சொல்வதைத்தான் இப்போதும் சொல்கிறேன்: "இங்க மூச்சு வாங்கிக்கோ கண்ணு."

என்ன பாடம் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா அண்ணி? சும்மா கேட்டேன். சும்மா இல்லை.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 10

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்கும்போதே உன் அண்ணன் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இது எங்க ரெண்டு பேர் சமாச்சாரம்" என்று துரத்திவிட்டேன்.

என்ன பாடம் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இனிமேல் கேட்காதே. சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

நீ மட்டும்தான் பயப்படுகிறாய் என்று நினைக்காதே. பணம் வாங்கிய பள்ளிகளையும் வாங்காத பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. இதுவரை வந்ததில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கள் மேலதிகாரி தினமும் கேட்கிறார்: "கொட்டின காசு தெரியுது. படிப்பு எங்கம்மா?" காசு வாசல் கேட்டாகவும் தரையாகவும் போன இடத்தில் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், ஆசிரியராகப் போன இடத்தைப் பாருங்கள் என்று நான் சொல்கிறேன். அப்படி ஒரு பள்ளியைக் காட்டு என்கிறார். காட்டுவதற்கு எனக்கு உங்கள் பள்ளியை விட்டால் வேறு இல்லை.

சோதனைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு பிள்ளை படிப்பதையும் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் பிழைகளைக் குறிப்பது நான். என் நாத்தனார் பள்ளியை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டேன். "வேற யாரு இருக்கா?" என்றார். எங்களுக்கும் ஆள் பற்றாக்குறைதான்.

பிள்ளைகளைப் பயமுறுத்தாதே. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

சோதனை முடிந்தது. எங்களை உள்ளே விடவில்லை. நானும் சின்ன டீச்சரும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். யாருக்கு யார் தைரியம் சொன்னோம் என்று தெரியவில்லை.

வந்தவர் போகும்போது, "அருமையா படிக்கிறாங்க, எங்கயும் தடுக்கலை" என்றார். சின்ன டீச்சர் அழுதேவிட்டாள். எனக்கு மட்டும் என்னவோ செய்கிறது அண்ணி. எங்கள் பிள்ளைகள் முன்னைவிட நன்றாகப் படிப்பார்கள், சத்தியம். ஆனால் தடுக்காமல் படிக்க மாட்டார்களே. குட்டை ஜடை வெளியே வந்ததும் நேராக ஓடிப்போய்ச் சின்ன டீச்சர் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். "எப்படி படிச்சே?" என்று கேட்டேன். முகத்தை எடுக்காமலே புடவையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சந்தோஷப்பட வேண்டிய கடிதம் இது. படித்துவிட்டு நீங்களாவது சந்தோஷப்படுங்கள்.

வாயாடி


பிப்ரவரி 24

வாயாடி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உங்கள் பிள்ளைகளின் பதிவுகளைக் கேட்டேன். பாடம் குருவியைப் பற்றியது. உனக்குத் தெரிந்த பாடம்தான். பணம் தருவதற்கு முன் போன வருஷம் வைத்த அதே பாடம். புதிதாக ஒன்று எழுதி அச்சடிக்கச் செலவாகும் என்று மேலே மறுத்துவிட்டார்கள்.

எல்லாரும் ஒரே வேகத்தில், ஒரே ராகத்தில் படிக்கிறார்கள். குட்டை ஜடையும் அப்படித்தான். அவள் படித்ததை அப்படியே எழுதுகிறேன்: "மழை பெய்தது. குருவி ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. இங்க மூச்சு வாங்கிக்கோ கண்ணு. அதன் இறகெல்லாம் நனைந்திருந்தது."

காதிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டுவிட்ட மாதிரி அவசரமாகப் பதிவை நிறுத்தினேன். அந்தப் பிள்ளை பாடத்தைப் படிக்கவில்லை, உன்னைப் படித்திருக்கிறாள்.

நீயா சொல்லிக் கொடுத்தாய்? வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிவுகளைக் கொடுக்க வேண்டும். உண்மையை எழுது. எதுவானாலும் எழுது.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணி,

நான் இல்லை. என் பிள்ளைமேல் ஆணையாகச் சொல்கிறேன். ஆனால் நான்தான்.

பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கேட்டேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். போன வருஷச் சோதனை முடிந்ததும் அந்தக் குருவிப் பாடத்தை நான் அவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று வரி வரியாக. சின்ன டீச்சரை அனுப்பிவிடுவார்கள் என்று நான் சொன்ன அன்றே இந்தச் சின்னதுகள் அவர்களிடம் போய் அழுதிருக்கின்றன. பெரியதுகளுக்குத் தெரிந்த சோதனைப் பாடம் அது ஒன்றுதான்; சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் உட்கார வைத்து, நான் நடத்தியபடியே வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குட்டை ஜடைக்கு எது பாடம், எது டீச்சர் பேச்சு என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டாள்.

பயத்தை விதைத்தது நான். அதற்காகச் சின்ன டீச்சரைத் தண்டிக்காதீர்கள். கேட்டது நீங்கள் ஒருத்திதானே. அந்த ஒரு வரியை விட்டுவிடுங்கள் அண்ணி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

வாயாடி


மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னிடமிருந்து பதில் வராமல் நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. உன் அண்ணன் போன் செய்தால் அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நழுவுகிறாயாம். "என்ன ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?" என்று என்னைத் துளைக்கிறார்.

பதிவில் கேட்டதை மேலதிகாரியிடம் நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் புதுப் பாடத்தோடு உங்கள் பள்ளிக்கு மறுபடி ஆள் வந்தது. நீ அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பாய். முதலில் நானே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்துக்குப் பயந்தேன்.

மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் உங்கள் பள்ளியை உதாரணமாகக் காட்டி நான் வாதாடியிருப்பேன். யாராவது ஒருவர் அந்தப் பதிவைத் திருப்பிப் போட்டிருந்தால், ஆசிரியர் வைப்பதே வீண்செலவு என்று எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து முடித்திருப்பார்கள்.

புதுப் பதிவுகளையும் நான்தான் கேட்டேன். பிள்ளைகள் தடுக்கித் தடுக்கித்தான் படிக்கிறார்கள். ஆனால் படிக்கிறார்கள். குட்டை ஜடை ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள், கேட்க எனக்கே மூச்சு முட்டியது. அந்த வரியில் அவள் குரலைத் தவிர வேறு யாரும் இல்லை. போன வருஷம் இதே வகுப்பில் பாதிப் பேர் எழுத்தே கூட்டவில்லை என்று மேலதிகாரிக்கு எடுத்துக் காட்டினேன். "ஏமாத்தின பள்ளிக்கு எப்படிம்மா மறுபடி கொடுக்கறது?" என்றார். ஏமாற்றியது பயம், பள்ளி இல்லை என்றேன். அவர் பணத்தை நிறுத்துகிற உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வருஷ முடிவோடு பணம் நிற்கிறது.

திட்டியாவது எழுது.

உன்
அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். சின்ன டீச்சர் போகப்போகிறாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

இதோடு இருப்பது குட்டை ஜடை எழுதியது. "உங்க அண்ணிக்கு ஒரு லெட்டர் எழுதணும்" என்று வந்து நின்றாள். காகிதம் மட்டும் கொடுத்தேன். ஓர் எழுத்தும் நான் சொல்லித் தரவில்லை, பிழையையும் திருத்தவில்லை. மதியம் முழுக்க எழுதினாள். உங்கள் அதிகாரியிடம் காட்ட முடிந்தால் காட்டுங்கள். பயமாக இருந்தால் நீங்கள் மட்டும் படியுங்கள். இதை அனுப்புவதற்கு எனக்கு வேறு ஆளும் இல்லை.

வாயாடி


டீச்சரோட அண்ணிக்கு

நான் மூணாம் வகுப்பு. குருவி பாடத்துல மூச்சு வாங்கிக்கோ சொண்ணது நான் மட்டும்தான். மத்தவங்க யாரும் தப்பா சொள்ளல. அதணால தான் கண்டு புடிச்சிங்க. எனக்கு தெறியும்.

இப்ப எனக்கு நெஜமா படிக்க வருது. இத நானே எழுதுரேன். சின்ன டீச்சர் தான் கத்து குடுத்தாங்க.

சின்ன டீச்சர அனுப்பாதிங்க. யாராவது ஒருத்தர அனுப்பணும்னா என்ன அனுப்பிடுங்க. நான் வீட்ல இருந்துக்குறேன்.