ஒட்டிக்கொண்ட கடைசித் தாள்

அலெக்சாண்ட்ரியா, வர்ஜீனியா
9 பிப்ரவரி 1958

என் அக்கா பெற்ற அருமைச் செல்வி லீஸ்பெத்துக்கு,

போட்டோமாக் நதிக்கரையின் காகிதச் சக்கரவர்த்தி ஆல்வின் மாமா, இருமலோடும் முழுக் கம்பீரத்தோடும் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. போரில் காணாமல்போன உன் கணவன் ஹார்முடைய ராணுவக் கோப்பு, போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அள்ளிக்கொண்டு வந்த காகிதங்களில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். "இறந்ததாகக் கருதலாம்" என்று எழுதித்தர நீதிமன்றம் தயார். உனக்கோ கருதல் போதாது, தெரிய வேண்டும். அதுவரை, உன்னை மணக்கக் காத்திருக்கும் படகுத்துறை எவால்டின் மாப்பிள்ளைக் கோட்டு அலமாரியிலேயே தொங்க வேண்டியதுதான்.

இங்கே கிடக்கும் ஜெர்மன் காகிதத்தை விரித்தால் உங்கள் நாட்டுக்கு மூன்று போர்வை போர்த்தி, மிச்சத்தில் டென்மார்க்குக்குத் தலையணை உறை தைக்கலாம். ஒவ்வொரு தாளையும் காமிராவுக்குக் கீழே வைத்துப் படமெடுக்கிறேன். எடுத்த பிறகு தாள்கள் பெட்டிகளில் ஏறி ஜெர்மனிக்கே கப்பலில் திரும்புகின்றன. படச்சுருள் மட்டும் இங்கே தங்குகிறது.

மேலதிகாரி திருமதி பிங்கமிடம் அனுமதி கேட்டேன்.

"ஆல்வின், இது ஒண்ணும் உங்க குடும்ப ஆல்பம் இல்ல."

"இருந்தா இத்தனை பேர் முறைச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்களே, மேடம்!"

சிரித்துவிட்டாள். வேலை முடிந்த பிறகு தேடலாமாம்.

உன் மகா மாமா,
ஆல்வின்

---

பிரேமர்ஹாஃபன்
2 மார்ச் 1958

அன்புள்ள மாமாவுக்கு,

டென்மார்க் எங்கேயும் போகாது, பிறகு போர்த்திக்கொள்ளலாம். முதலில் தேடுங்கள். கடிதத்தை எவால்டிடம் காட்டினேன். "உங்க மாமா தேடுறாரா, இல்ல முடிசூட்டிக்கிறாரா?" என்கிறார். கோபமெல்லாம் இல்லை, அவருக்குக் கோபப்படவே தெரியாது. அதுதான் எனக்குச் சங்கடம். ஞாயிறுதோறும் புகையிட்ட விலாங்கு மீன் வாங்கி வருவார், சாப்பிடுவோம், ஒன்பதடித்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் விதவையா, மனைவியா என்று எனக்கே தெரியாதபோது அவரை எப்படி இருக்கச் சொல்வது?

இருமலுக்குக் கருப்பு முள்ளங்கிச் சாறு குடியுங்கள். விஸ்கியில் கலக்காமல்.

லீஸ்பெத்

---

அலெக்சாண்ட்ரியா
30 மார்ச் 1958

கண்ணே லீஸ்பெத்,

கோப்பைப் பிடித்துவிட்டேன்! நெப்போலியன்கூட இத்தனை சுருள்களைச் சுற்றியிருக்க மாட்டான். என் வலது கை இப்போது தானாகவே சுழல்கிறது. சூப் குடிக்கும்போது பெரும் சேதம்.

திரையில் முதலில் வந்தது நீ! தலைகீழாக, வெள்ளைக் காலரோடு. அந்தக் காலத்தில் ஹார்ம் போன்ற ராணுவ அதிகாரி கல்யாணம் செய்ய மேலிடத்து அனுமதி வேண்டுமாம். உன் புகைப்படமும், உன்னைப் பற்றி இரண்டு பெரிய மனிதர்களின் நற்சான்றும் கோப்பில் இருக்கின்றன. ஒருவர் உன்னை 'அடக்கமான பெண்' என்று எழுதியிருக்கிறார். ராணுவத்தையே ஏமாற்றியிருக்கிறார்!

இனி விளையாட்டு இல்லை. கோப்பின் கடைசித் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. ஈரமும் கிளிப்பின் துருவும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. கிழியும் என்றால் பிரிக்காதே, அப்படியே படமெடு என்பது இங்கே விதி. அதனால் அடித்தாளின் ஓரம் மட்டும் விரலகலம் தெரிகிறது. அதில் ஒரு தேதி: 1944 ஜூலை. சுருளை எத்தனை முறை பார்த்தாலும் அதற்குமேல் தெரியாது.

தாள் கப்பலேறிவிட்டது. விசாரித்தேன்: உங்கள் துறைமுகத்தில்தான் இறங்கியிருக்கிறது. நீ வேலை செய்யும் சிற்றுண்டிச்சாலையில் கோப்பைகள் கழுவும்போது உன் ஜன்னலைத் தாண்டியே போயிருக்கும். இப்போது ஆகன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மடத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோப்பு எண்ணைத் தனிச்சீட்டில் எழுதியிருக்கிறேன்.

போய்ப் பார், அம்மா. தனியாகப் போகாதே.

ஆல்வின்

---

பிரேமர்ஹாஃபன்
27 ஏப்ரல் 1958

அன்புள்ள மாமாவுக்கு,

போய்வந்தோம். எவால்ட் வாசலிலேயே நின்றுகொண்டார். "அது உனக்கும் ஹார்முக்கும் உள்ள விஷயம்" என்றார்.

மடத்தில் ஒரு முதியவர் மெல்லிய எலும்புக் கத்தியால் அரைமணி நேரம் பொறுமையாகப் பிரித்தார். "நான் வாசிக்கவா, நீங்களே பாக்குறீங்களா?" என்று கேட்டார். நானே வாசித்தேன். ஜூலை மாதம், மின்ஸ்க் அருகே, வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ஹார்ம் இறந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சிப்பாய் இருந்திருக்கிறான், கையெழுத்துப் போட்டிருக்கிறான். தனியாகச் சாகவில்லை, மாமா. எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் நம் தெருவே குண்டில் போய்விட்டதே. 'முகவரி இல்லை' என்று திரும்பியிருக்கிறது.

வெளியே வந்து அழுதேன். எவால்ட் ரயில் நிலையத்தில் பட்டாணி சூப் வாங்கித் தந்தார். ரயிலில் நானாகவே ஆரம்பித்து ஹார்மைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடத்தில் எவால்டிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஹார்ம் பாடும் விதம், சைக்கிள் ஓட்டத் தெரியாதது, எல்லாம். பிரேமன் வரும்வரை எவால்ட் கேட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு சொன்னார்: "நல்ல மனுஷனாத்தான் தெரியுறார். உனக்கு ஆள் பாத்துத் தேர்ந்தெடுக்கத் தெரியும்."

"உங்களையும் சேர்த்துச் சொல்லிக்கிறீங்களா?"

"பின்னே?"

அன்றிரவு என் வீட்டில் ஒன்பதடித்தபோது அவர் தொப்பியைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

உங்கள்,
லீஸ்பெத்