மாட்டு நாக்கு, எலுமிச்சையுடன்

அன்புள்ள வான்மதிக்கு,

"கதிர் வீட்டு அடுப்பில் வேகிறதும் இதுதானே, அப்பா?" சனிக்கிழமை மதியம் நான் கேட்காமல் விட்ட கேள்வி இது. தொண்டை வரை வந்தது. தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

உன் போன் இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது என்று தெரியும். அதனால்தான் உன் ஆபீஸ் மெயிலுக்கு எழுதுகிறேன்.

என்னைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கும் அப்பாவும் நானும் பிளானோவில் என் வீட்டிலிருந்து ஜெர்சி சிட்டிக்குப் போனது சுதந்திர தேவி சிலையைப் பார்க்க என்றுதான் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். உனக்குப் பார்த்திருக்கும் கௌசிக்கைச் சந்திக்கத்தான் போனோம். தாராபுரம் பக்கம், நம் ஆட்கள், வங்கி ஒன்றில் ஐடி வேலை. பண்பானவன். ஏர்போர்ட்டுக்கே வந்து அப்பாவின் பையை வாங்கிக்கொண்டான்.

மதியம் ஆற்றோரம் ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துப் போனான். மேசை நடுவிலேயே கரி அடுப்பு. நாமே சுட்டுச் சாப்பிட வேண்டும். மெல்லிய துண்டுகளாக ஒரு தட்டு வந்தது. என்ன கறி என்று அப்பா கேட்டார். அவன் கொஞ்சம் தயங்கினான்.

"பீஃப் டங், அங்கிள். மாட்டு நாக்கு. வேணாம்னா உங்களுக்கு சிக்கன் ஆர்டர் பண்ணிடறேன்."

அப்பா எழுந்துவிடுவார் என்று நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொச்சியில் பக்கத்து மேசைக்கு மாட்டுக்கறி வந்ததற்கே எழுந்து வெளியே போனவர் அல்லவா? நாம் எல்லோரும் பசியோடு அவர் பின்னால் நடந்தோமே.

"வந்த எடத்துல என்னங்க தம்பி. போடுங்க" என்றார்.

கௌசிக் சுட்டு, எலுமிச்சை பிழிந்து வைத்தான். அப்பா நிதானமாக மென்றார். அடுத்த துண்டைத் தானே எடுத்தார். ஊரில் சொல்லிவிடாதீர்கள், தன்னை ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்று கௌசிக் வேடிக்கையாகச் சொன்னான். அப்பா சிரித்துவிட்டார்.

"நம்ம பையன் தின்னா அது ஒரு ருசிங்க. அதுக்கு யாரு என்ன சொல்லப்போறா?"

இதே மனிதர்தான் போன சித்திரையில், கதிரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது, நம் கூடத்தில் நின்று, அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்துதான் பேசுகிறாயா என்று உன்னைக் கேட்டார். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அதன்பின் கதிரின் பெயரையே யாரும் எடுக்கவில்லை.

நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதிர்ச்சி கறியால் வந்ததில்லை. ஒரு வருஷமாக அப்பாவின் மறுப்பை அவருடைய பக்தி என்று நாம் இருவரும் நம்பினோம். பட்டியில் நிற்கும் மாடுகள் மேல் அவருக்குள்ள பாசம் என்றுகூட நீ சொன்னாய். அடுப்பில் என்ன வேகிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, வான்மதி. யாருடைய அடுப்பு என்பதுதான்.

கௌசிக் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கதிரைப் பற்றி எதுவும் தெரியாது. வைகாசியில் நிச்சயம் வைத்துவிடலாம் என்று திரும்பும்போது விமானத்தில் அப்பா சொன்னார். நீ சரியென்று சொல்வதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரைக் கட்டிக்கொள்வது என்பது உன் முடிவு. ஆனால் அந்த அடுப்பைக் காட்டி உன் வாயை அடைக்க இனி யாரையும் விடாதே. இளைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நினைப்பது நடக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும் அக்கா,
சண்முகப்ரியா

பி.கு.: அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லை. இன்று காலை அவரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். கதிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் தின்னது உங்கம்மாளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு எழுதிரு கண்ணு" என்றார்.