காஜாவின் உளவாளிகள் எல்லாரும் வீடு திரும்பினார்கள்

ஆடி 3, சனி

மேல்காற்று. விடிந்ததில் இருந்து ஓயவில்லை. முருங்கைக் கிளை ஒன்று முறிந்து மாட்டுக் கொட்டகை மேல் கிடக்கிறது. எடுக்க வேண்டும். தக்காளிக்கு மருந்து அடிக்க வேண்டும், இந்தக் காற்றில் எப்படி அடிக்க. நாளைக்கு உத்தமபாளையம் போய்க் கூட்டாளி காஜாவைப் பார்க்க வேண்டும்.

கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் ஒரு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அழுத்திக்கொண்டு பேசினால் எழுத்தாக விழுகிறதாம். என்ன விழுகிறது என்று எனக்குத் தெரியாது. எழுத்து நமக்குக் கிடையாது. யாரிடமும் பேச முடியாததை இதில் பேசி வைக்கிறேன்.

வியாழக்கிழமை அமாவாசை. வீட்டுக்காரி பேச்சி காப்பி கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த ஆடிக்காவது சுருளிக்குப் போவமா? பாண்டிக்கு எள்ளுத் தண்ணி விட்ருவோம்."

"செத்ததப் பாத்தியா நீ?"

"நீக உசுரோட பாத்தீகளா?"

பாண்டி எங்கள் மூத்தவன். மீசை அரும்பும் வயதில் கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனான். அங்கிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறியதாகச் சொன்னார்கள். அத்தோடு சரி. கடிதம் இல்லை, ஆள் இல்லை. இப்போது இருந்தால் அவனுக்கும் தலை நரைத்திருக்கும். எள்ளும் தண்ணீரும் விட்டால் செத்தவர்களோடு அவனைச் சேர்த்ததாகும். ஒவ்வொரு ஆடியிலும் மாட்டேன் என்றேன். இன்றைக்கும் அதேதான். பேச்சி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடி 4, ஞாயிறு

காற்று கொஞ்சம் மட்டு. ஒன்பது மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது.

காஜாவுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. காலில் புண். புத்தி மட்டும் அப்படியே. முன்பு அவன் திராட்சைத் தோட்டமும் என் காடும் பக்கத்துப் பக்கம், கிணறு ஒன்று, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். அவன் முறையானாலும் என் முறையானாலும் மோட்டார் ரூமில் இரண்டு பேரும் இருப்போம். வாடகைக் கடையில் உளவாளிக் கதைப் புத்தகம் எடுத்து வருவான். சத்தம் போட்டுப் படிப்பான். படித்ததை அவன் மறந்துவிடுவான், எனக்கு மறக்காது. கதை இல்லாத நாளில் கேள்வி. உளவாளியைப் பற்றி ஒன்று, பயிரைப் பற்றி ஒன்று. இன்றைக்கும் அதுதான்.

"மச்சான், உளவாளி எலுமிச்சம்பழம் எதுக்கு வாங்குவான்?" என்றான்.

"சாறுல எழுத. காஞ்சா தெரியாது, சூடு காட்டுனா எழுத்து வரும். எனக்குச் சூடு காட்டுனாலும் ஒண்ணுதான், காட்டாட்டியும் ஒண்ணுதான்."

சிரித்தான். இருமல் வந்துவிட்டது. அவன் மகள் ஜன்னத் தண்ணீர் கொடுத்தாள்.

என் முறை. "மிளகா எந்த ஊரு?"

"அமெரிக்கா. கப்பல்ல வந்துச்சு."

"தக்காளி? உருளை? கப்பைக் கிழங்கு? நிலக்கடலை? மக்காச்சோளம்?"

"எல்லாம் ஒரே கூட்டம்லே. பேர மாத்தி, வேசத்த மாத்தி, நம்ம சட்டிக்குள்ள வந்து உக்காந்துருச்சுக. இதுகளவிடப் பெரிய உளவாளி எவன்?"

"மக்காச்சோளம் மட்டும் ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த மாதிரி பேரு வச்சிருக்கு அத்தா" என்றாள் ஜன்னத்.

பேச்சியிடம் சொல்லாத ஒன்று. பாண்டி போன பிறகு இந்தப் பயிர்க் கதைகள் எனக்கு வேறு மாதிரி கேட்டன. மிளகாய் கடல் தாண்டி வந்து நம் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. பாண்டியும் எங்கேயோ ஒரு பேரை வைத்துக்கொண்டு வேர் விட்டிருப்பான். வேலை முடிந்ததும் வருவான். கதையில் வருகிறவர்கள் அப்படித்தானே வந்தார்கள்.

ஆடி 6, செவ்வாய்

சாரல். குடை எடுக்காமல் போய் நனைந்தேன்.

காஜா தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னத் பரணில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்திருந்தாள். பழைய பேப்பருக்குப் போட. எல்லாம் வாடகைக் கடை மூடியபோது காஜா வாங்கிய கதைப் புத்தகங்கள். ஒன்றின் அட்டையில் பாலம், பனி, பாலத்தில் ஒருவன். பார்த்ததும் எந்தக் கதை என்று தெரிந்துவிட்டது.

"இதுல கடைசிய மட்டும் படி ஆத்தா, கேப்போம்."

படித்தாள். நடுப்பாலத்தில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். தொப்பி ஆற்றில் போகிறது. முற்றும்.

"அப்பிடி இல்லையே. அவன் பாலத்தத் தாண்டி வீட்டுக்கு வருவான். அவன் ஆத்தாகாரி கை கழுவச் சொல்லிட்டு இலை போடுவா."

"இங்கன அப்பிடி இல்லயே மாமா. சுட்டுப்புட்டாக."

இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதில் ஓட்டல் அறையில் விஷம். நான் கேட்டதில் அவன் டிரங்குப் பெட்டியோடு ரயிலில் இருந்து இறங்கினான். மூன்றாவதை எடுத்த ஜன்னத் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தா ஏன் மாமா மாத்திப் படிச்சாக?"

எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஒவ்வொரு கதையாக நினைத்துப் பார்த்தேன். பாண்டி போவதற்கு முன் கேட்டவை: கண்ணாடிக் கண்காரன், செத்தான். குடைக்குள் விஷ ஊசி வைத்திருந்தவன், செத்தான். உதட்டுச் சாயக் குப்பிக்குள் பிலிம் கடத்திய பெண், அவளும்.

போன பிறகு கேட்டவை: ஒருவரும் சாகவில்லை. எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். எல்லார் வீட்டிலும் கடைசியில் சோறு. ரஷ்யாக்காரன் வீட்டில் சோறும் ரசமும். அங்கே ஏது ரசம் என்று அப்போதே கேட்டிருக்கலாம். மணக்க மணக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி 7, புதன்

மருந்து அடிக்கவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. காலையிலேயே உத்தமபாளையம்.

"மச்சான், ரஷ்யாக்காரன் ரசம் குடிப்பானா?"

காஜா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "ஜன்னத் படிச்சுட்டாளா?"

"ம்."

"பாண்டி ஊர விட்டுப் போன வருசம், ஒரு கதையில ஒருத்தன் செத்ததுக்கு நீ வாய்க்கா வரப்புல போயி உக்காந்து அழுத. மம்பட்டிய எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போன. நான் பாத்தேன். அடுத்ததுல மாத்துனேன். பொறவு நிறுத்த முடியல."

"இத்தனை வருசமா?"

"தங்கச்சி பேச்சி ஒருக்கா இங்கன வந்துச்சு. அண்ணே, நீங்க சொன்னா கேப்பாக, எள்ளுத் தண்ணி விடச் சொல்லுங்கன்னு கும்பிட்டுச்சு. சரித்தான்னேன். மறுநாளு உங்கிட்ட வந்து இன்னொருத்தன வீட்டுக்குக் கூட்டியாந்தேன். அந்தப் புள்ள அழுகவும் வழியில்லாமப் போச்சு மச்சான். அது என்னாலதான்."

கோபம் வந்தது. அவன் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்குள் ஜன்னத் டீ வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போனது.

"இப்பக் கேக்குறேன். மாத்தாமச் சொல்லு. பாண்டி வருவானா?"

முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"எனக்குத் தெரிஞ்ச முடிவு ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் எல்லாத்துலயும் ஒட்டுனேன். பாண்டிக்கு என்ன முடிவுன்னு எனக்குத் தெரியல."

கிளம்பும்போது கூப்பிட்டான். "மச்சான். எள்ளு எந்த ஊரு?"

"எங்கிட்டிருந்தும் வரல. இங்கனக்குள்ளயே மொளச்சது."

தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து பேச்சியிடம், நாளைக்கு எள் வாங்க வேண்டுமா என்று கேட்டேன். இருக்கு என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆடி 8, வியாழன். அமாவாசை

மழை இல்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. சுருளியில் கூட்டம் கூட்டமாக ஈரத்துணி. அருவியில் தண்ணீர் நிறைய. பேச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்கினாள். நான்தான் அவளைப் பிடித்தேனோ என்னவோ.

இலை போட்டு, பச்சரிசி, வாழைக்காய், எள். ஐயர் அவசரத்தில் இருந்தார். பின்னால் வரிசை.

"யாருக்கு?"

"மகனுக்கு."

"எறந்த நாளு?"

"தெரியாது."

"தெரியாட்டா இன்னைக்கே வச்சுக்கலாம். பேரு?"

பேச்சி என்னைப் பார்த்தாள். பாண்டி என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுவந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

சத்தமாகச் சொன்னேன்.