நாற்பது டிகிரியில் நம் துணி

வாஷிங் மெஷினிலிருந்து மெக்கானிக் கழற்றிப் போட்ட ஹீட்டர் என் முன்னால் செய்தித்தாளின் மேல் கிடக்கிறது. நம் சாரம் பகுதித் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் அதில் ஏறி, சுண்ணாம்பு அப்பியதுபோல் இருக்கிறது. "இது இனிமே தேறாதுக்கா. இந்த மாடலுக்குப் புதுசு கெடைக்கிறதும் கஷ்டம். நம்ம ஊரு வெயிலுக்குச் சுடுதண்ணி எதுக்கு, பச்சத்தண்ணியிலயே ஓட்டிக்குங்க" என்றான் பையன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்குத்தான் சுள்ளென்று ஏறிவிட்டது. சென்னையில் தேடு, எங்கே வேண்டுமானாலும் தேடு, ஹீட்டர் இல்லாமல் இந்தப் படி ஏறாதே என்று அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு மெஷினுக்குள் தலையை நீட்டி மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. உனக்குப் பிடித்தது அதுதான். உடனே உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த மெஷின் நமக்கு வந்ததே ஒரு கூத்து. பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா மகனோடு போய் இருப்பதற்காகக் கடல் தாண்டிக் கிளம்பியபோது, மேல் வீட்டில் நான், கீழ் வீட்டில் நீ, இரண்டு பேரையும் கூப்பிட்டு, சண்டை போடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று மொட்டைமாடிக் கொட்டகையில் விட்டுப் போனார். மேலே எழுதியிருந்ததெல்லாம் பிரெஞ்சு. நான் படித்தது தமிழ் மீடியம், நீயும் அதே. நமக்குப் புரிந்தது எண்கள் மட்டும்தான். முப்பது, நாற்பது, அறுபது, தொண்ணூறு. நீ பரீட்சை மார்க்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். முப்பது என்றால் ஃபெயில், நாற்பது என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ், தொண்ணூறு என்றால் முதல் ரேங்க். துணிக்கும் அதுதான் நல்லது என்று முடிவு செய்துவிட்டாய்.

அந்த ஆடி மாதம் அம்மனுக்கு மாலை போட்டு, புதுச் சிவப்புப் புடவை கட்டியிருந்தாய். விரதத் துணி சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதைத் தூக்கி மெஷினில் போட்டாய். உள்ளே ஏற்கெனவே என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியும் தொப்பியும் கிடந்தன. நீ திருப்பிய எண் தொண்ணூறு. கதவைத் திறந்தபோது என் வீட்டு வெள்ளை அத்தனையும் பஞ்சுமிட்டாய் நிறத்தில் வெளியே வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. நீ அழாத குறையாக நின்றாய். என் வீட்டுக்காரரோ குளித்து வந்து அதே தொப்பியை மாட்டிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார். பள்ளிவாசலில் யாரோ கேட்டதற்கு, கீழ் வீட்டு அம்மன் வரம் கொடுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதைக் கேட்டு நீ படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அதன் பிறகு நாமே தட்டுத்தடுமாறிக் கற்றோம். சாயம் போகிற துணிக்குத் தனியாகப் பச்சைத்தண்ணீர். தினப்படி உடுத்துகிறதற்கு நாற்பது. நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் நீ வேலை பார்த்த கம்பெனியிலிருந்து கொண்டுவரும் எண்ணெய்க்கறைக் கோட்டுக்கும், துண்டுக்கும், தலையணை உறைக்கும் அறுபது. தொண்ணூறை நாம் மறுபடி தொடவே இல்லை. நான் பூ வாசனைத் தூளைக் கொட்டுவேன், நீ கையைத் தட்டிவிடுவாய். "வாசன அடிச்சா சுத்தம்னு யாருடி சொன்னது? எதையோ மூடி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்பாய். சரியான சூட்டில், கொஞ்சமாகத் தூள் போட்டு, இரண்டு முறை அலசி, காற்றில் காயவைத்த துணியை முகத்தில் வைத்து மூச்சை இழுத்துக் காட்டுவாய். ஒன்றும் இல்லாத அந்த வாசனைக்கு நீ வைத்திருந்த பேர், புதுசு.

பிறகு உனக்கு மார்பில் அந்தக் கட்டி வந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய் வந்தோம். மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்களில் எந்த வாசனையும் உனக்கு ஆகவில்லை. பக்கத்து வீட்டில் தாளித்தாலே குமட்டியது. என் பூ வாசனைத் தூளை அன்றைக்கே தெருவில் ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மூக்கில் ரத்தம் வந்து தலையணை உறை நனைந்தபோது, நான் அவசரத்தில் சுடுதண்ணீரைத் தேட, படுத்தபடியே நீ சொன்னாய், "மொதல்ல பச்சத்தண்ணியில அலசு நூரு. சூடு பட்டா ரத்தம் வெந்து ஒட்டிக்கும்." உயிர் போகிற அசதியிலும் உனக்கு அந்தக் கவலை.

ஆஸ்பத்திரி சிஸ்டர் நம் இருவரையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். மருந்து ஏற்றிய இரண்டு நாளைக்கு உடம்பிலிருந்து மருந்து வெளியேறும். அந்தத் துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாக, நல்ல சூட்டில் துவையுங்கள். அதற்குப் பிறகு எல்லாரோடும் சேர்த்தே துவைக்கலாம், இது ஒட்டுகிற நோய் இல்லை. அவ்வளவுதான் அவர் சொன்னது. உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த உன் நாத்தனார் காதில் அதில் பாதிதான் விழுந்தது. தனியாக என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் என்பது வாரமாகி, மாதமாகி, உனக்கென்று ஒரு நீல வாளி வந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயிலே எட்டிப் பார்க்காத மூலையில், உனக்கென்று ஒரு கொடி கட்டப்பட்டது. மெஷின் பக்கம் உன் துணி வரக் கூடாது என்றார்.

அவரையும் நான் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், ராத்திரியில் கால் பிடித்துவிட்டதும் அவர்தான். ஆனால் அந்த மூலையில் காயாமல் புழுங்கி நாறிய உன் நைட்டியை நீ ஒருநாள் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாயே, அதை நான் பார்த்தேன். நோய் உன்னை அழவைக்கவில்லை. அந்தத் துணி அழவைத்தது.

அன்றைக்கே நீல வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். சிஸ்டர் சொன்ன நாள் என்றைக்கோ கழிந்திருந்தது. என் புடவை, என் வீட்டுக்காரர் வேட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்ம், எல்லாவற்றோடும் உன் நைட்டிகளைச் சேர்த்து மெஷினில் திணித்தேன். நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஒனக்கு வீட்டுல புள்ளைங்க இல்லியா? ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ஒட்டுற நோயா இருந்தா, கோரிமேட்டு பஸ்ல ஏறின எல்லாருக்கும் இந்நேரம் வந்திருக்கணுங்க. நானும் அந்த பஸ்லதான் வந்தேன்."

அவர் குரல் உயர, நானும் விடவில்லை. அக்கம்பக்கத்து மாடிகளில் தலைகள் தெரிந்தன. தெரியட்டும் என்று இன்னும் சத்தமாகவே பேசினேன். அப்போது நீ வந்தாய். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று மேலே ஏறி வந்தாய். சண்டை வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். அதற்கு முந்தைய வாரம் வரை அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாய். நீ யாரையும் பார்க்கவில்லை. நேராக மெஷினிடம் போனாய். ஆத்திரத்தில் நான் அறுபதில் வைத்திருந்ததைப் பார்த்தாய், நாற்பதுக்குத் திருப்பினாய்.

"நைட்டிக்கு நாப்பது போதும்டி. கோவத்துல என்னப் போட்டுக் கொதிக்க வைக்காத."

பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "அண்ணி, நான் இன்னும் சாவல. என் துணி வெயில்ல காயட்டும்" என்றாய். அவர் கீழே இறங்கிவிட்டார். துவைத்து முடியும்வரை நீ அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பெரிய கொடியின் நடுவில் உன் நைட்டியை நீயே போட்டாய். கை உயரவில்லை, நான் கொடியைத் தாழ்த்திப் பிடித்தேன். அன்றிலிருந்து நீ போகும்வரை உன் துணி நடுவில்தான் காய்ந்தது.

உன்னால் பிழைத்துவர முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நீ போன பிறகு உன் துணியைப் பிரித்தார்கள். பட்டுப் புடவைகளை உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நைட்டிகளை மட்டும், நோய்த்துணி, கொளுத்திவிட வேண்டும் என்று கட்டி வாசலில் வைத்தார்கள். ஒரே உடம்பில் கிடந்த துணிதானே எல்லாம்? பட்டில் ஒட்டாத நோய் நைட்டியில் மட்டும் எப்படி ஒட்டியது என்று கூட்டத்தின் நடுவே கேட்டேன். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா இது என்றார்கள். பட்டைப் பங்கு போடுகிறபோது அது துக்க வீடாகத் தெரியவில்லையா என்று அதற்கும் கேட்டுவிட்டு, மூட்டையிலிருந்து, அன்று நீ பெரிய கொடியில் போட்ட நீலப் பூப்போட்ட நைட்டியை உருவிக்கொண்டு வந்தேன்.

அதை நான் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. வீட்டில் உடுத்துகிறேன், நீ திருப்பிவைத்த அதே நாற்பதில் துவைக்கிறேன். நீ இளைத்துப்போன பிறகு வாங்கியது அல்லவா, எனக்கு அக்குளில் பிடித்தது. தையலைப் பிரித்துத் துண்டுத்துணி வைத்துத் தைத்துக்கொண்டேன். இறந்தவள் துணியை உயிரோடு இருப்பவள் உடுத்தலாமா என்று என் வீட்டுப் பக்கத்திலேயே கேட்டார்கள். அதிலேயே அடுப்படியில் நிற்கிறேன், அதிலேயே கடைக்குப் போகிறேன். உன் நாத்தனார் எதிரில் வந்தால் துப்பட்டாவை ஒதுக்கிவிட்டு நன்றாகத் தெரியும்படி நடக்கிறேன்.

துணி உன்னுடையது, அதில் ஊறுகிற வியர்வை என்னுடையது. இரண்டையும் பிரித்துத் துவைக்க எனக்குத் தெரியாது.